பதினேழு பெட்டி

நாலரைக்கு டார்ச்சோடு கிளம்பிவிடுவோம்
நானும் மாதேஸ்வரியும்.
சேர்வராயன் அந்நேரம் மலையில்லை,
நட்சத்திரம் இல்லாத இடம்.

சுரங்கத்துக்காரன் விட்டுப்போன மேடு இது.
வெள்ளைக்கல்லை எடுத்தவரை எடுத்துவிட்டு
மிச்சத்தைக் குவித்துப் போனான்.
முப்பது வருஷம் ஒரு வேலிக்காத்தான்கூட
மனசு வைத்து வளரவில்லை.
அதில்தான் பேரூராட்சி கண்ணாடி நட்டது.
மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணியது நான்.
பில்லில் இருப்பது வேறு கணக்கு.

பக்கத்துச் சுரங்கத்தில் இன்னும் லாரி ஓடுகிறது.
இரண்டு நாள் விட்டால் போதும்,
திருநீறு பூசிக்கொண்டு
எல்லாம் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.
"பத்துக்கு ஒரு யூனிட் தூசி தின்னுதுக்கா"
என்பான் இன்ஜினியர் தம்பி அன்வர்தீன்.

துடைப்பதுதான் எங்கள் வேலை.
நீளக் குச்சி, ரப்பர் பட்டை, அரை வாளித் தண்ணீர்.
மேலிருந்து கீழே. குறுக்கே கூடாது.
கீறல் விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

சண்டை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒன்பது நாளைக்கு ஒருமுறை
எங்கள் தெருவுக்கு முறை.
டேங்கர் நிற்காமல் மேட்டுக்கு ஏறியது.
குடத்தோடு ஓடிப்போய்
வண்டிக்கு முன்னால் நின்றாள் சந்திராமணி:
"கண்ணாடிக்கா தாகம் எடுக்குது?"

தலைவர் பூங்காவனம் வந்தார்.
கரியமில வாயு என்றார், உலகம் என்றார்,
துருவத்தில் பனி உருகுகிறது என்றார்.
"அது எந்த ஊர்ப் பனிங்க?"
கூட்டம் சிரித்தது, தலைவரும்தான்.
குடமும் என்னுடையது, குச்சியும் என்னுடையது.
யாரைப் பார்ப்பதென்று தெரியாமல்
டேங்கரின் ஒழுகுகிற குழாயையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி தெருவுக்கு, பாதி மேட்டுக்கு.
தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது.
பாதி என்றால் எத்தனை குடம் என்று
ஏறவில்லை.

அன்றைக்குத்தான் கேட்டேன்:
"கரியை மிச்சம் பண்றோம்னு சொல்றீங்களே,
எவ்வளவு தம்பி?"
செல்போனைத் தட்டிப் பார்த்தான்.
"வருஷத்துக்கு ஆயிரம் டன்க்கா."
எனக்கு டன் தெரியாது.
இன்னொரு தடவை தட்டினான்.
"கூட்ஸ் வண்டியில பதினேழு பெட்டி."
அது தெரியும்.

வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம்.
மேட்டூருக்குப் போகிற கரி
ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
பாத்திர அடுக்கை ஆட்டிவிட்டுப் போகும்.
கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எண்ணுகிறேன்.
ஐம்பத்தெட்டு.
சில நாள் ஐம்பத்தொன்பது.

மார்கழியில் நாங்கள் டேங்கர் கேட்கவில்லை.
மலையிலிருந்து இறங்கிய பனி
அத்தனை கண்ணாடியிலும் உட்கார்ந்திருந்தது.
காய்வதற்குள் இழுத்துவிட்டால் போதும்.
"நம்மூர்ப் பனி" என்றாள் மாதேஸ்வரி
குச்சியை நிறுத்தாமல்.

வழிந்த வெள்ளைத் தண்ணீர்
விளிம்பிலிருந்து சொட்டிய இடங்களில்
தை பிறந்தபோது பார்த்தோம்,
புல்.
ஒரு விரல் அகலம்,
நூல் பிடித்த மாதிரி
வரிசைக்கு வரிசை நேராக.
அவள் மிதிக்காமல் தாண்டினாள்.
நானும்.

இது பங்குனி. நேற்று ராத்திரி கரண்ட் போனது.
பகலுக்கு வெயிலைத் துடைத்துக் கொடுத்தவள் வீட்டில்
விசிறி நின்று, கொசு வந்தது.
அப்புறம் வண்டி வந்தது.
இருட்டில் பாயில் உட்கார்ந்து எண்ணினேன்.
ஐம்பத்தெட்டுத்தான்.

வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி
நாற்பத்தொன்றோடு வண்டி முடிந்துவிட வேண்டும்.
கணக்கு அவ்வளவுதான்.
அது எந்த ராத்திரி என்று
அன்வர்தீனுக்கும் தெரியாது.
தூங்கிவிட்டேனோ ஒருநாள்,
அன்றைக்குத்தான் போனதோ என்னவோ.

செல்போனில் ஒன்பது சதவீதம் இருந்தது.
நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப்
படுத்தேன்.